ஒழுகுகிற வளவுக்கு எந்த ஊர் வழி சரிவரும்?

எங்கள் வீட்டுக்குப் பதினான்கு புள்ளி. செட்டிநாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கல்யாணமான ஒவ்வோர் ஆணும் அவன் குடும்பமும் சேர்ந்து ஒரு புள்ளி. வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் அவரவர் பங்கு அவரவருக்கு. முகப்பும் வளவும் அடுப்படியும் எல்லாருக்கும் பொது. பதினான்கில் ஒன்பது புள்ளி சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. இரண்டு சிங்கப்பூரில், ஒன்று அமெரிக்காவில், இரண்டு காரைக்குடியில். ஊர் வீட்டில் இருப்பது காவலுக்கு வைத்த ஆளும் வௌவால்களும்தான்.

சென்ற பொங்கலுக்குப் பிறகு பங்காளிகள் கூடினோம். பேச இரண்டு விஷயம் இருந்தது. முதலாவது, தென்மேற்கு மூலையில் கூடல்வாய் ஒழுகுகிறது. இரண்டு பக்கக் கூரையும் வந்து சேரும் அந்த மூலையில் தகரம் அரித்துப்போய், நான்கு மழைக்காலத்துத் தண்ணீர் நேராக மேங்கோப்பில், அதாவது கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தில், இறங்கியிருக்கிறது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பர்மா தேக்கு என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்ளும் உத்திரத்தின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் விரல் உள்ளே போனது. அந்தப் பக்கம் முழுவதும் ஓடு பிரித்து, சட்டம் மாற்றி, திரும்ப மேய்வதற்குக் கொத்தனார் ஆறரை லட்சம் சொன்னார். இரண்டாவது விஷயம், காரைக்குடியிலிருந்து ஒரு வியாபாரி வந்து இரண்டாம் கட்டின் மரத்தூண்களையும் நிலைக்கதவுகளையும் மொத்தமாக ஒன்பது லட்சத்துக்குக் கேட்டிருந்தார்.

"தூணை விற்றுக் கூரையை மாற்றிவிடலாமே" என்றார் சித்தப்பா ஒருவர். பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

தம்பி முறையாகும் ஒரு பையன் கேட்டான்: "நூறு வருஷத்து வீட்டைப் பிரித்து விற்பதைக் கேட்க ஊரில் ஓர் அதிகாரிகூட இல்லையா?" அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சில மாதங்கள் படித்தேன், சில ஊர்களை முன்பே நேரில் பார்த்தும் இருக்கிறேன். எங்கள் ஊர் போன்ற ஒரு பேரூராட்சி நாளைக்கே தன் பழைய வீடுகளைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தால், அதன் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. சென்னை ஒரு வழியில் போனது, மும்பை இன்னொன்றில். சிங்கப்பூரும் மலேசியாவின் பினாங்கும் மூன்றாவது வழிக்கு உதாரணம். நான்காவது வழி பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். பழைய கட்டடம் என்றதும் நம்மவர்களுக்குத் தொல்லியல் துறைதான் நினைவுக்கு வரும். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்டவேண்டும் என்று 2010-இல் அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். மாநிலத்துக்கும் 1966-இலிருந்து தனிச் சட்டம் உண்டு. கோயிலுக்கும் கோட்டைக்கும் அது பொருந்தும். அடுப்பெரியும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்களுக்கு அந்த அளவுகோலை வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் குளியலறை கட்டக்கூட டெல்லியைக் கேட்க வேண்டிவரும். எனவே இது கட்டட அனுமதிக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறதோ அந்த மேசையின் வேலை. பேரூராட்சியில் அது செயல் அலுவலரின் மேசை.

அதிகாரம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உரியவை என்று ஒரு பட்டியல் போட்டது. நகரமைப்பு, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது, பண்பாட்டு, அழகியல் அம்சங்களை வளர்ப்பது எல்லாமே அதில் இருக்கின்றன. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் கையில் இருக்கிறது. கதவு இருக்கிறது, சாவியும் இருக்கிறது. திறந்து உள்ளே போய் என்ன செய்வது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

சென்னை: பட்டியலும் தடையும்

சென்னையில் பாரம்பரியக் கட்டடங்களுக்குப் பட்டியல் கிடைத்த கதை வேடிக்கையானது. யாரும் பட்டியல் போடுவதற்கென்று உட்காரவில்லை. விளம்பரப் பலகைகளை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்ற வழக்கில் நீதிபதி பத்மநாபன் தலைமையில் அமைந்த குழு, பலகை மறைக்கக்கூடாத கட்டடங்கள் என்று 467-ஐக் குறித்துக் கொடுத்தது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலையே எடுத்து, இவற்றை இடிக்கவோ மாற்றவோ கூடாது, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் அந்தக் குழு அமைந்தது. பட்டியலில் இருக்கும் கட்டடத்தில் கைவைக்க வேண்டுமென்றால் இந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

இந்த வழியின் நன்மை, செலவில்லாதது. ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். கடப்பாரை ஓங்கிய கையை அது உண்மையிலேயே பிடித்திருக்கிறது. அண்ணா சாலையில் 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2010 தீர்ப்பு அதை உறுதிசெய்தது. கட்டடம் தப்பித்தது.

ஆனால் தப்பித்து என்ன ஆனது? தீர்ப்பு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அது பாழடைந்தே நின்றது. கோபுரங்களில் ஆலும் அரசும் வேர்விட, சாலையில் போகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இடிக்காதே என்று உரிமையாளரிடம் சொல்ல முடிகிறது; பழுதுபார் என்று சொல்ல இந்த வழியில் நாக்கு இல்லை. உரிமையாளருக்கு அவசரமும் இல்லை. மழையும் வேரும் அவருக்காக வேலை செய்கின்றன. தானாக விழுந்துவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது.

எங்கள் கூட்டத்தில் ஆச்சி ஒருவர் இதையே ஒரே வரியில் கேட்டார். "இடிப்பவனுக்கு நோட்டீஸ் கொடுப்பீர்கள். மழைக்கு யார் கொடுப்பது?"

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் ஓடு மாற்றுவதற்கும் அலைய வேண்டும் என்ற பயம் இன்னொன்று. பயம் உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். பயம் இருந்தாலே போதும், பட்டியல் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அதற்கு முந்தைய வாரமே வீடு பிரிந்துவிடும். மாநிலம் முழுவதற்குமான பாரம்பரிய ஆணையச் சட்டத்தைத் தமிழகம் 2012-இலேயே நிறைவேற்றியது. அது செயலுக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் கிடந்தது. அந்த ஆண்டுகளில் செட்டிநாட்டில் எத்தனை மேங்கோப்பு இறங்கியது என்று யாரும் எண்ணவில்லை.

மும்பை: உரிமையை வேறு இடத்துக்கு மாற்றுவது

மும்பை மாநகரத்துக்கான பாரம்பரிய விதிகள் 1995-இல் வந்தன. இந்தியாவில் இப்படி வந்த முதல் விதிகள் அவைதான். கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் வெளியிலும் உள்ளேயும் கைவைக்கக்கூடாது. மூன்றாம் தரத்தில் ஓரளவு மாற்றலாம். அதோடு நிற்காமல் ஒரு பேரமும் வைத்தார்கள். உன் மனையில் ஐந்து மாடி கட்டலாம், நீ பழைய இரண்டு மாடியை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றால், கட்டாமல் விட்ட பரப்புக்கு ஈடாகச் சான்றிதழ் தருகிறோம்; அதைப் புறநகரில் கட்டுகிற ஒருவருக்கு விற்றுப் பணம் பார்த்துக்கொள் என்றார்கள். மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்று இதற்குப் பெயர். அரசாங்கம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் உரிமையாளருக்குப் பணம் கிடைக்கிறது. கேட்கும்போது மந்திரம்போல் இருக்கும்.

மந்திரம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: வானத்துக்கு விலை இருக்கவேண்டும். மும்பையில் இருக்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ யார் ஆறாவது மாடி கட்ட அலைகிறார்கள்? எங்கள் தெருவில் மனையே வாங்க ஆளில்லை. வாங்குபவருக்கு வேண்டியது நிலமும் இல்லை, வானமும் இல்லை; நடுவில் இருக்கும் தேக்குதான். சான்றிதழை நான் யாரிடம் விற்பது? எங்கள் ஊரைப் பொறுத்தவரை இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. காரைக்குடிக் கடைவீதிக்கும் கும்பகோணத்துக்கும் இது ஒருநாள் பயன்படலாம்.

ஆனால் மும்பையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு படிப்பினை உண்டு. 2012-இல் பட்டியலை விரித்து, சிவாஜி பார்க் போன்ற குடியிருப்பு வட்டாரங்களையும் சேர்க்கப் போனபோது, எதிர்த்து நின்றவர்களில் அங்கே குடியிருப்பவர்களே நிறையப் பேர். வீட்டை நேசிக்காதவர்கள் இல்லை அவர்கள். கேட்காமல் போட்ட பட்டியல் என்பதுதான் கோபம்.

சிங்கப்பூரும் பினாங்கும்: தெருவையே வளைத்துக்கொள்வது

சிங்கப்பூர் 1989-இல் பத்து வட்டாரங்களை ஒரே நாளில் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. 3,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஒரே வீச்சில் வலைக்குள் வந்தன. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாம் அப்போது வந்தவை. இன்று எண்ணிக்கை 7,200-ஐத் தாண்டிவிட்டது. எந்தச் சன்னல் எந்த மரத்தில், ஓடு எந்த நிறம், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் தரை எந்தக் கல் என்றுவரை நகர மறுசீரமைப்பு ஆணையம் எழுதி வைத்திருக்கிறது. விதி மீறினால் சும்மா விடுவதில்லை. கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகளில் அரசு கையகப்படுத்தியவற்றைக் காலிசெய்து, இத்தனை காலத்துக்குள் இந்த விதிப்படி சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தத்துக்கு விட்டதும் உண்டு. சீரமைப்பவர்களுக்குச் சில கட்டணங்களைத் தள்ளுபடி செய்தது. கைப்பணமாக மானியம் கொடுப்பது அதன் பாணி இல்லை.

கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா என்ற சீன வணிகர் 1900-இல் கட்டிய வீடு இருக்கிறது. நம் ஊர்ப் பொங்கல் கோலம்போல் ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு நிறம். லிட்டில் இந்தியாவுக்குப் போன தமிழர்களின் கைபேசியில் அந்தப் படம் இல்லாமல் இராது. சுவரில் விரிசல் இல்லை, ஓட்டில் பாசி இல்லை. அதன் முன் நின்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். ஒரே ஒரு குறை: உள்ளே யாரும் குடியில்லை. கடைவீடுகளின் மாடிகளில் நெருக்கியடித்து இருந்தவர்கள் அதற்கு முன்பும் பிறகுமாக அரசாங்க வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். லிட்டில் இந்தியா இன்றும் ஞாயிற்றுக்கிழமை மாலை கால் வைக்க இடமில்லாமல் உயிரோடு இருப்பதற்குக் காரணம், தங்குவிடுதிகளிலிருந்து பஸ் ஏறி வரும் நம் ஊர்த் தொழிலாளர்கள். அவர்களை வரவழைத்தது பாதுகாப்பு விதி இல்லை. பரோட்டாவும் பணம் அனுப்பும் கடையும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கதை இன்னும் சிக்கலானது. அங்கே பழைய தெருக்களை நீண்டகாலம் காப்பாற்றியது பாதுகாப்புச் சட்டமே இல்லை. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகையை ஏற்ற முடியாத உரிமையாளர் இடித்துக் கட்டவும் முனையவில்லை, பழுதுபார்க்கவும் முனையவில்லை. 1997-இல் அதை நீக்கி, 2000-ஆவது ஆண்டு தொடக்கத்திலிருந்து வாடகையைச் சந்தைக்கு விட்டதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. தையல்காரர், மாலை கட்டுபவர், பெட்டி செய்பவர் என்று தலைமுறையாக இருந்தவர்கள் கிளம்பிப் போக, காலியான கடைவீடுகள் சிலவற்றில் உழவாரன் குருவிகளைக் குடிவைத்து, சமைத்துச் சாப்பிட உதவும் அவற்றின் கூட்டை எடுத்து விற்றார்கள். எச்சமும் ஈரமும் சுவரைத் தின்றன.

2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. சூலியா தெரு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் என்று நம்மவர்களின் காலடி பதிந்த இடமெல்லாம் அந்த எல்லைக்குள் இருக்கிறது. மையப்பகுதியும் அதைச் சூழ்ந்த காப்புப்பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 259 ஹெக்டேர். உயரம் 18 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வந்தது. ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த நான்கு விடுதித் திட்டங்கள் அந்த வரம்பை மீறியதால் பட்டியலில் இடம் நிலைக்குமா என்ற கவலையே எழுந்தது. உழவாரன் வீடுகளை 2013 இறுதிக்குள் அகற்றச் சொன்னார்கள். முழு விதிகளும் அடங்கிய சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல்தான் அரசிதழில் ஏறியது. பட்டம் வந்து எட்டு ஆண்டு கழித்து! இடையில் திங்க் சிட்டி என்ற அமைப்பின் வழியாகச் சிறுசிறு மானியங்கள் கொடுத்தார்கள். என் கணக்கில் அங்கே நடந்த உருப்படியான வேலைகளில் அதுவும் ஒன்று.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளும் 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற பங்காளிகள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர். பினாங்கைப் பார்த்தபின் எனக்கு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. பட்டம் விலையை ஏற்றும், விடுதிகளைக் கொண்டுவரும். ஓட்டைத் திருப்பிப் போடாது.

வட்டாரமாக அறிவிப்பதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. செட்டிநாட்டில் வீடு தனியாக இல்லை. தெரு முழுக்க ஒரே நேர்கோட்டில் முகப்புகள், அந்தத் தெருவுக்கும் பின் தெருவுக்கும் வாசல் வைத்த வீடுகள், கூரைத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால்வாய்கள், ஊரணி. நடுவில் ஒருவர் முகப்பை இடித்து மூன்று மாடி கண்ணாடிக் கல்யாண மண்டபம் எழுப்பினால் இரண்டு பக்கத்து வீடுகளும் அனாதையாகிவிடும். பட்டியல் வழியில் அந்த மூன்று வீடும் மூன்று தனிக் கோப்பு. வட்டார வழியில் தெருவே ஒரு கோப்பு.

புதுச்சேரி: பாதிக்குப் பாதி

புதுச்சேரி என்றதும் எல்லாரும் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களைச் சொல்வார்கள். நான் சொல்ல வருவது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கும் வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002-இலிருந்து 2004 வரை, பிரான்சிலும் இத்தாலியிலும் இருந்து இரு நகரங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, இன்டாக் அமைப்பின் துணையோடு அந்தத் தெருவை எடுத்தார்கள். ஒரே வரிசையில் பல வீடுகளின் முகப்பைச் சீராக்கினார்கள். கீழே தமிழ் வீட்டின் திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணும். மேலே பிரெஞ்சுக் காற்றடித்த வளைவுச் சன்னலும் கைப்பிடிச் சுவரும். இரண்டு மொழி பேசும் வீடுகள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

முறை எளிது. முகப்பு வேலைக்கு ஆகும் செலவில் பாதியைத் திட்டம் கொடுக்கும், பாதியை வீட்டுக்காரர் போடவேண்டும். வரைபடமும் கைதேர்ந்த ஆளும் திட்டத்தின் பொறுப்பு. இதில் நான் பெரிதாக நினைப்பது பணத்தை இல்லை, அந்தப் பாதி என்ற சொல்லை. முழுதும் கொடுத்தால் வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பார். ஒப்பந்தக்காரர் சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவதைக்கூடக் கேட்கமாட்டார். தன் பாதி போகும்போதுதான் கலவையை விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒன்றுமே கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், அவர் அரசாங்கத்தின் எதிரியாகிவிடுவார். பாதி கொடுத்தால் பங்காளி.

குறை இல்லாமலில்லை. வெளிநாட்டுப் பணம் தீர்ந்ததும் வேகம் தளர்ந்தது. ஒரு தெரு பிழைத்தது. மற்ற தெருக்களில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருந்தன, ஏனென்றால் மானியம் வேண்டாம் என்பவரைக் கட்டுப்படுத்தும் விதி வலுவாக இல்லை. முகப்புக்கு மட்டும் கொடுத்த பணம் பின்கட்டின் கூரையைத் தொடவில்லை. எல்லாவற்றையும்விடக் கசப்பான பாடம் மேரி கட்டடம். 1870-களின் தொடக்கத்தில் கட்டிய நகர மண்டபம், அதுவும் கடற்கரையில், நகராட்சியின் சொந்தக் கட்டடம். பழுது தெரிந்தே இருந்தது. 2014 நவம்பர் மழையில் சரிந்து மண்மேடாகிவிட்டது. பிறகு உலக வங்கிப் பணத்தில் பழைய உருவத்திலேயே புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கட்டடத்தின் படம், கட்டடம் இல்லை. ஊரார் வீட்டுக்கு விதி சொல்லும் நகராட்சி தன் வீட்டுக் கூரையைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்கு

ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், வீட்டைக் கொல்வது எது என்று கேட்கவேண்டும். சென்னையிலும் மும்பையிலும் கொல்வது நிலத்தின் விலை. அங்கே தடை வேண்டும், தடைக்கு ஈடும் வேண்டும். சிங்கப்பூரில் அரசாங்கத்தின் சொந்த இடிப்பு வேகமே பெரிய ஆபத்தாக இருந்தது. அதே அரசாங்கம் மனம் மாறியதும் வேலை முடிந்தது. செட்டிநாட்டில் கொல்வது இரண்டு: ஆளில்லாத கூரையில் இறங்கும் மழை, பதினான்காகப் பிரிந்த சொத்து. பதினான்கு பேர் ஒப்புக்கொண்டால்தான் ஓடு மாற்ற முடியும். பிரித்து விற்பதற்கும் பதினான்கு பேர் ஒப்ப வேண்டும்தான். ஆனால் செலவைப் பங்கு போடும்போது வராத ஒற்றுமை, வரவைப் பங்கு போடும்போது தானாக வந்துவிடுகிறது.

ஆகவே நான் பேரூராட்சித் தலைவராக இருந்தால் (அந்த ஆபத்து யாருக்கும் நேராது) புதுச்சேரி வழியைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் முகப்பை விட்டுவிட்டுக் கூரைக்குக் கொடுப்பேன். கூரை நின்றால் மற்றதெல்லாம் காத்திருக்கும். ஆத்தங்குடிக் கல் நூறு வருஷம் காத்திருக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் அதைவிட அதிகமாகக் காத்திருக்கும். காத்திருக்க முடியாதது கூடல்வாய்த் தகரம் ஒன்றுதான். பாதிக்குப் பாதி கொடுக்கவேண்டும். ஆண்டுக்குப் பத்து வீடு என்றாலும் போதும். வாங்கியவர்கள் பத்து ஆண்டுக்குள் தூணையோ நிலையையோ கழற்றினால் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும். மனுவில் எல்லாப் புள்ளியின் கையெழுத்தையும் கேட்காமல், பாதிக்கு மேற்பட்ட பங்குக்காரர்கள் ஒப்பினால் போதும் என்று வைக்கவேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் மானியப் பணம் பெட்டியிலேயே கிடக்கும். பங்காளிகளைத் தெரிந்தவன் சொல்கிறேன்.

சென்னை வழியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வேன்: பிரிப்பதற்கு முன்னறிவிப்பு. தடை வேண்டாம். பழைய வீட்டை முழுதாகவோ பகுதியாகவோ பிரிக்க நினைப்பவர் ஆறு மாதம் முன்னதாகப் பேரூராட்சியில் எழுதிக் கொடுக்கவேண்டும். அது ஊர்ப் பலகையில் ஒட்டப்படும். அந்த ஆறு மாதத்தில் வேறொரு பங்காளியோ வெளியாளோ வீட்டை வீடாகவே வாங்க முன்வரலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம், இதன் வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அது விற்பனைக்கு வந்தது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நினைப்பேன். இடையில் ஒரு செய்தி: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த நூறு வயதான பொருளும் தொல்பொருள்தான், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. 1925-இல் கட்டிய வீடுகள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. வியாபாரிகளுக்கு இது தெரியும். நமக்குத்தான் தெரியாது.

சிங்கப்பூரிலிருந்து தெரு விதி. அவர்கள் அளவுக்குச் சன்னல் கம்பியின் கனம்வரை போகத் தேவையில்லை. முகப்பின் வரிசைக் கோடு, உயரம், கூரைத் தண்ணீர் போகும் கால்வாயை அடைக்காமை என்று மூன்று போதும். இது பணம் கேட்காத விதி. கட்டட அனுமதிக் கோப்பிலேயே பார்த்துவிடலாம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பேரூராட்சியின் சொத்து வரி தெருவிளக்குக்கே பற்றாது என்பது எனக்கும் தெரியும். மாநில அரசு தரவேண்டும், விடுதிகளாக மாறிய பெரிய வீடுகளிடமும் ஒரு பங்கு கேட்கலாம். நகரத்தார் கட்டிய அரண்மனைக்கு ஊர்ப்பணமா என்று கேட்பவரும் இருப்பார். நியாயமான கேள்வி. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள். இன்றைய பதினான்கில் ஒரு பங்குக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், எங்கள் வீட்டில் இருக்கிறார். அவரால் ஆறரை லட்சத்தில் ஒரு பங்கைக்கூட உடனே எடுத்துவைக்க முடியவில்லை. பாதி மானியம் வந்தால் அவர் பங்கு இருபத்துமூவாயிரத்துச் சொச்சம். அது முடியும். அந்தப் பணமும் வீட்டுக்குள் தங்காது. ஓடு மேய்பவருக்கும் தச்சருக்கும் காரை அரைப்பவருக்கும் போகும். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வேலை இல்லாததால் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. அங்கே நிலவிலை வேறு, எனவே விடையும் வேறாகலாம். கடைவீதி ஓரத்து வீடுகளைப் பொறுத்தவரை எனக்குச் சென்னைப் பட்டியலும் மும்பைச் சான்றிதழும் சேர்ந்து வந்தால்தான் நம்பிக்கை. பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர்களுக்கு அதையே நகலெடுத்து அனுப்பிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இவை எதுவும் இன்னும் வரவில்லை. ஆறரை லட்சத்துக்கு ஒன்பது புள்ளி பணம் அனுப்பிவிட்டது. அமெரிக்காக்காரர் இரண்டு பங்காகவே அனுப்பினார். கொத்தனார் ஆவணி கடைசியில் ஏறுவதாகவும் ஐப்பசி மழைக்கு முன் கூடல்வாயை மூடிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். உத்திரத்தின் முனையை மட்டும் வெட்டி ஒட்டலாமா, முழுதாக மாற்றவேண்டுமா என்பது ஓட்டைப் பிரித்தபின்தான் தெரியும். வியாபாரி இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. சித்தப்பா எடுத்தாரா என்று கேட்கவும் இல்லை.